புண்ணாக்குக்குள் எவ்வளவு எண்ணெய்?

2017-ல் நம் மாவட்டத்து நெடுவாசலில் ஊரே திரண்டு பந்தலில் உட்கார்ந்தபோது, 'ஹைட்ரோகார்பன்' என்ற சொல் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் பாறைக்குள் எண்ணெய் எப்படி இருக்கும் என்று கேட்டால், "கீழே ஏரி மாதிரி கிடக்கும், பைப் போட்டு உறிஞ்சுவாங்க" என்றுதான் நம்மில் பலர் சொல்கிறோம். ஏரியும் இல்லை, குளமும் இல்லை.

எள்ளைச் செக்கில் ஆட்டினால் எண்ணெய் வடியும். புண்ணாக்கிலும் கொஞ்சம் நின்றுவிடும். பூமிக்குள் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். கடலடிச் சேற்றோடு புதைந்த பாசி, நுண்ணுயிர் எச்சங்கள் 'கெரோஜன்' என்ற பொருளாகின்றன. ஆழம் கூடச் சூடு கூடும். சுமார் 60 முதல் 150 டிகிரிக்குள் கெரோஜன் எண்ணெயாகிறது. சேறு இறுகி ஷேல் பாறையாகிறது. எண்ணெயில் ஒரு பகுதி பிதுங்கி வெளியேறி மணற்பாறையில் தங்கும். நரிமணத்தில் எடுப்பது அப்படி வெளியேறியது. மிச்சம் ஷேலிலேயே நிற்கும். காவிரிப் படுகையில் ஆண்டிமடம், சாத்தப்பாடி என்று ஊர்ப் பெயரிட்ட அடுக்குகள் அப்படிப்பட்டவை. சுமார் 10 கோடி ஆண்டும் அதற்கு மேலும் வயதானவை.

நம்ம கீரனூர்ப் பக்கம் போர் போட்டவர்களுக்குத் தெரியும், கருங்கல்லில் தண்ணீர் வெடிப்பில்தான் இருக்கும். வெடிப்பு அகப்படாவிட்டால் வெறும் புழுதிதான். ஷேல் வேறு ரகம். அதில் துளைகள் உண்டு, ஆனால் அளவு நானோமீட்டரில். மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறு. அந்தத் துளைகளிலும், படலங்களுக்கு இடையிலான கீறல்களிலும், கெரோஜன் மேலேயே ஒட்டிக்கொண்டும் எண்ணெய் இருக்கிறது. துளைக்குத் துளை சரியான வழி கிடையாது. அதனால்தான் தண்ணீர், மணல், ரசாயனம் கலந்து உயர் அழுத்தத்தில் செலுத்திப் பாறையை உடைக்கிறார்கள். ஒரு கிணற்றுக்கே பல ஆயிரம் கன மீட்டர் தண்ணீர் வேண்டும். டெல்டாக்காரர் ஏன் பயந்தார் என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

இருப்பை மதிப்பிடும் கணக்கு நம்ம முதலாண்டு கணக்கை விடச் சுலபம். பரப்பு 1 சதுர கி.மீ., கனம் 30 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பாறை 3 கோடி கன மீட்டர். துளைவெளி 6 சதவீதம் என்றால் 18 லட்சம். அதில் பாதி தண்ணீர் என்றால் எண்ணெய் 9 லட்சம். மேலே வரும்போது கரைந்திருந்த வாயு பிரிந்து எண்ணெய் சுருங்கும், 1.5-ஆல் வகுத்தால் 6 லட்சம் கன மீட்டர், அதாவது சுமார் 38 லட்சம் பீப்பாய். இது 'உள்ளே இருப்பது'. வெளியே வருவது 5 சதவீதம் என்றால் 1.9 லட்சம் பீப்பாய்தான்! துளைவெளி 6 இல்லை, 4 என்று ஆய்வகம் சொன்னால் மூன்றில் ஒரு பங்கு அப்படியே காணாமல் போகும்.

இன்னொரு வழி, பாறைத் துண்டைச் சூடாக்குவது. 300 டிகிரி வாக்கில் ஆவியாவது ஏற்கனவே இருக்கும் எண்ணெய். அதற்கு மேல் வருவது கெரோஜன் உடைந்து வருவது. இரண்டையும் கூட்டிவிட்டால் கணக்கு பொய். துண்டை மேலே கொண்டு வருவதற்குள் லேசான எண்ணெய் பறந்துவிடுவது வேறு தொல்லை.

இத்தனை அனுமானம் சேர்ந்தால் என்ன ஆகும்? 2012-ல் அமெரிக்க நில அளவைத் துறை, காம்பே, கிருஷ்ணா-கோதாவரி, காவிரி மூன்று படுகைகளிலும் எடுக்கக்கூடிய ஷேல் வாயு 6.1 லட்சம் கோடி கன அடி என்றது. 2013-ல் அதே நாட்டின் எரிசக்தித் தகவல் நிறுவனம், தாமோதர் படுகையையும் சேர்த்து 96 லட்சம் கோடி என்றது. தாமோதரின் பங்கோ அதில் சுமார் 5 தான். எண்ணெயில், உள்ளே 8,700 கோடி பீப்பாய், எடுக்கக்கூடியது 380 கோடி. பேப்பர்காரர் எந்த எண்ணைத் தலைப்பில் போடுவார் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டுமே 'ரிசர்வ்' அல்ல. கிணறு தோண்டி, எண்ணெய் ஓடிக் காட்டி, செலவுக்குக் கட்டுப்படியானால்தான் அந்தப் பெயர்.

கீரனூருக்கு இதில் பங்கில்லை. நார்த்தாமலைக் கல்லில் எண்ணெய் தேடி யாரும் வரப்போவதில்லை. படிவுப் பாறை நம் மாவட்டத்தின் கிழக்கே. அங்கே அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஒன்றியங்கள் 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்துக்குள் வருகின்றன. நெடுவாசல் திருவரங்குளம் ஒன்றியம். அந்தச் சட்டம் புதிதாகத் தடுக்கும் தொழில்களின் பட்டியலில் ஷேல் வாயுவின் பெயரும் தனியாக எழுதப்பட்டிருக்கிறது.