தூணோரத்து மட்டவா

மாமல்லபுரத்தில் கல் செதுக்குவது என் தொழில். வாரத்தில் ஆறு நாள் உளியும் சுத்தியலுமாகப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே வண்டியை எடுத்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே அரை மணி நேரம் விட்டால் முட்டுக்காடு வந்துவிடும். கோவளத்துக் கழி கடலோடு சேரும் இடம். ஊர்க்காரர்கள் படகு சவாரிக்கு வருவார்கள். நான் மட்டவாவுக்குப் போகிறேன், இருபத்தைந்து வருடமாக.

சந்தையில் மட்டவாவுக்குப் பெரிய மவுசு இல்லை. வஞ்சிரமும் கொடுவாவும் தேடி வருகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். உயர்ந்த முதுகு, தட்டையான உடம்பு, குதத் துடுப்பில் ஆணி மாதிரி தடித்த ஒரு முள். வெள்ளை மட்டவாவின் உடம்பு நெடுக மெல்லிய மஞ்சள் கோடுகள் ஓடும். கறுப்பு மட்டவா சாம்பல் பூத்த கரி நிறம், கழியே கதி என்று கிடக்கும். இதே குடும்பத்து மீன்களை ஆஸ்திரேலியாவில் 'பிரீம்' என்கிறார்கள், அவற்றைப் பிடிக்கப் போட்டியே நடத்துகிறார்கள். அங்கேயும் 1 கிலோ எடைதான் பெருமைக்குரிய அளவு. நம் கழியில் கால் கிலோ மட்டவா யார் தூண்டிலிலும் ஏறும். ஒரு கிலோ மீன் எனக்கு முதலில் கிடைத்தபோது, நான் தூண்டில் பிடித்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

அந்த ஒன்பது வருடமும் நான் செய்த தப்பு ஒன்றுதான். தூரமாக வீசினேன். பெரிய மீன் நடு ஆழத்தில்தான் இருக்கும் என்று நினைத்து, கையில் இருந்த பலம் எல்லாம் கொடுத்து எறிந்தேன். கிடைத்ததெல்லாம் கீச்சானும் கெளுத்தியும்.

கண்ணைத் திறந்துவிட்டது அந்த முதல் ஒரு கிலோ மீனின் வாய்தான். கரையில் உட்கார்ந்து, தூண்டில் முள்ளைக் கழற்ற அதன் வாயை விரித்துப் பார்த்தேன். முன்னால் சின்ன உளிகளை வரிசையாக நட்டது போல் கூர்ப்பற்கள். அதற்குப் பின்னே, இரண்டு தாடையிலும், உடைத்த கடலைப் பருப்பைப் பதித்த மாதிரி உருண்டையான கடைவாய்ப் பற்கள், வரிசை வரிசையாக. என் எஃகு முள் அந்தப் பற்களுக்கு நடுவே சிக்கி, சுத்தியலால் அடித்தது போல் நசுங்கிக் கிடந்தது. இது புழு பொறுக்கித் தின்பதற்கு மட்டும் ஏற்பட்ட வாய் இல்லை, சிப்பி உடைக்கிற வாய். சிப்பி எங்கே இருக்கிறது? நடு ஆழத்துச் சேற்றில் இல்லை. பாலத்துத் தூணில், கரைக் கல்லில், மூழ்கிக் கிடக்கும் பழைய கான்கிரீட் துண்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொட்டலசும் அங்கேதான், இடுக்கில் ஒளியும் நண்டும் அங்கேதான். அப்படியானால் பெரிய மட்டவா என் காலடியில் இருந்திருக்கிறது. அதன் தலைக்கு மேலாகத்தான் ஒன்பது வருடம் தூண்டில் வீசியிருக்கிறேன்.

இப்போது எந்தக் கழிக்குப் போனாலும், வற்றத்தில் ஒருமுறை வெறுங்கையோடு நடந்து பார்ப்பேன். தண்ணீர் இறங்கும்போது தூண்களில் சிப்பிப் படை எந்தப் பக்கம் தடிமனாக இருக்கிறது, எங்கே புதிதாகப் பெயர்ந்து உள்வெள்ளை தெரிகிறது என்று பார்த்துவைத்துக் கொள்வேன். புதுவெள்ளை தெரியும் தூணில் யாரோ சாப்பிட்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வேன்.

நேரம் பற்றிச் சொல்லிக் கொடுத்தவர் ஓர் இருளர் அக்கா. கழியில் கையாலேயே இறால் பிடிப்பார். இடுப்பளவு தண்ணீரில் மண்டியிட்டு, ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே நகர்வார். விரல் இறாலைத் தொட்டதும் ஓர் அழுத்து, அடுத்த நொடி அது பறிக்குள் இருக்கும். உச்சி வெயிலில் நான் சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ஒரு நாள் கேட்டார்: "நின்ன தண்ணியில என்ன தம்பி தேடுற? தண்ணி நடக்கும்போது வா. அப்பதான் அதுவும் நடக்கும்."

நம் கடற்கரையில் ஏற்றவற்றம் பெரிதாக இருக்காது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் ஓரளவு வேகம் காட்டும். ஏறின தண்ணீர் தணியத் தொடங்கும் முதல் ஒன்றரை மணி நேரம் எனக்குப் பொன்னான நேரம். அது விடியலிலோ அந்தியிலோ வந்து அமைந்தால் வேறு வேலை எதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஓட்டம் தூணில் மோதிப் பிரியும்போது, தூணுக்குப் பின்னால் தண்ணீர் மெதுவாகச் சுழலும் ஒரு நிழல் பகுதி உண்டாகும். மட்டவா அங்கே மூச்சு வாங்கிக்கொண்டு, அடித்து வருவதைப் பார்த்தபடி நிற்கும்.

பருவமும் உண்டு. கோடையில் கடல் மணலைக் கொண்டுவந்து கொட்டி முகத்துவாரத்தை அடைத்துவிடும். கழி குளம் போல் ஆகி, ஏற்றவற்றம் செத்துப்போகும். வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் வந்து மணல் திட்டை உடைக்கும். மழை ஓய்ந்து, செம்மண் கலங்கல் வடிந்து, உப்பு மறுபடி ஏறும் நாட்கள்தான் என் கணக்கில் நல்ல நாட்கள். கார்த்திகைக் கடைசியிலிருந்து மாசி வரை வைத்துக்கொள்ளலாம். தெற்கே வயலூர் பக்கம் பாலாறு கடலில் சேரும் இடத்திலும் இதே கதைதான்.

இரைக்கு உயிர் இறால் நல்லது. ஆனால் இறாலைப் போட்டால் கீச்சான் கூட்டம் நிமிடத்தில் கொத்திக் காலி செய்துவிடும். அதனால் பெரிய மீன் வேண்டும் என்றால் நான் கட்டைவிரல் நகம் அளவு நண்டைத்தான் கோர்க்கிறேன். ஓட்டை உடைக்கத் தெம்பில்லாத வாய்கள் விலகிக்கொள்ளும். ஜப்பானில் இதன் உறவான கறுப்பு மீனை 'குரோதாய்' என்கிறார்கள். அங்கே துறைமுகச் சுவரை ஒட்டி நண்டை மெல்ல மெல்ல இறக்கிப் பிடிப்பது ஒரு தனிக் கலை. நானும் அப்படித்தான் இறக்குகிறேன். மெல்லிய தங்கூசு நரம்பு, பட்டாணி அளவு ஈயம், சின்னதாக ஆனால் தடித்த கம்பியில் செய்த முள். தூணிலிருந்து கை அகலம் தள்ளி, சிப்பி பெயர்ந்து தானாக விழுவது போல் விழ வேண்டும். கரையில் காலடி அதிரக் கூடாது, நம் நிழலும் தண்ணீரில் விழக் கூடாது. பழுத்த மட்டவா அவ்வளவு எச்சரிக்கையானது.

முதலில் 'டக் டக்' என்று இரண்டு தட்டு வரும். அப்போது சுண்டினால் போச்சு, அது ஓட்டை உடைத்துக்கொண்டிருக்கிறது. பிறகு நரம்பு கனத்து, ஒரு பக்கமாக நகரும். அப்போதுதான் தூக்க வேண்டும். தூக்கிய மறுகணம் அது தூணைச் சுற்றப் பார்க்கும். சிப்பி விளிம்பு பிளேடு மாதிரி. தங்கூசு உரசினால் ஒரு நொடிதான். முதல் மூன்று முழத்துக்கு நரம்பு விடவே கூடாது. அறுந்து போன நரம்பைத் தண்ணீரில் விட்டுவிடவும் கூடாது. நாரை ஒன்று காலில் தங்கூசு சுற்றி நொண்டியதைப் பார்த்ததிலிருந்து, கிடைத்த துண்டையெல்லாம் சுருட்டிப் பையில் போட்டுக்கொள்கிறேன்.

அந்த முதல் ஒரு கிலோ மீனை வீட்டுக்குக் கொண்டுபோனேன். தை மாதம். மனைவி வயிற்றைக் கீறியதும் இரண்டு பக்கமும் மஞ்சள் சினை. அருவாமனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. சில வருடம் கழித்துத்தான் விவரம் தெரிந்தது. முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வு நிலையம் இருக்கிறது. கொடுவாவை வளர்ப்பில் வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்தார்களே, 1997-இல், அந்த இடம். கொடுவா முதலில் ஆணாக இருந்து, பெருத்த பிறகு பெண்ணாக மாறும் மீன். மட்டவா இனத்திலும் இந்த வழக்கம் உண்டு. ஜப்பான், தைவான் பக்கத்துக் கறுப்பு மட்டவா முதல் இரண்டு வருடம் ஆண். மூன்றாவது வருடத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பெண்ணாகத் தொடங்கும். ஆஸ்திரேலியாவின் கறுப்பு பிரீம் இருபது வருடத்துக்கு மேலும் உயிர் வாழும். ஆக, கழியிலேயே பெரிய மட்டவா என்று நான் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் ஒரு தாயைத்தான்.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 25 சென்டிமீட்டருக்குக் குறைந்த பிரீமைத் திருப்பி விட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. குஞ்சைக் காப்பாற்றும் சட்டம், நல்லதுதான். நான் எனக்கென்று இன்னொரு கோடும் போட்டுக்கொண்டேன். தூண்டில் பிடியில் பிளேடால் கீறி வைத்திருக்கிறேன். அதைவிட நீளமானது வந்தால் வீட்டுக்கு இல்லை. அரைக் கிலோ மீன்தான் குழம்புக்கு ருசி, சதையும் கெட்டிப்படாது.

போன மார்கழி அமாவாசைக்கு மறுநாள் ஒன்று ஏறியது. இருபத்தைந்து வருடத்தில் அதைவிடப் பெரியதை நான் பார்த்ததில்லை. கையை நனைத்துக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றினேன். தலையை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பிப் பிடித்தேன். செவுள் நான்கைந்து முறை திறந்து மூடியது. செதில் ஒவ்வொன்றின் ஓரத்திலும் மெல்லிய கறுப்பு விளிம்பு. பிறகு வால் ஒரு முறை என் மணிக்கட்டில் தட்டியது, கை காலியாகிவிட்டது.

வற்றம் அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தது. டப்பாவில் இன்னும் நாலு நண்டு இருந்தது. அடுத்த தூணுக்கு நகர்ந்தேன்.