ஒலிக்கோப்பும் தோட்டத்துத் தமிழும்

ழகரத்தின் வடிவை எழுத்தினாற் காட்டலாம். ஒலியைக் காட்டுதல் இயலாது. கிரியர்சனின் இந்திய மொழியளவையை ஒட்டி, 1913 முதல் 1929 வரை இசைத்தட்டுகளிற் பதியப்பெற்ற பேச்சுகளுள் தமிழும் உண்டு. சிகாகோப் பல்கலைக்கழகத்தின் தென்னாசிய மின்னூலகம் அப்பதிவுகளை இணையத்தில் ஏற்றியுள்ளமையால், பத்தாங் காலி ஆசிரியரும் ஏறத்தாழ நூறாண்டுப் பழைமையுடைய குரலை வகுப்பில் ஒலிக்கச் செய்யலாம்.

நம் பால்மரக் காட்டுத் தமிழின் நிலை யாது? 1950களிற் தொடங்கிய தோட்டத் துண்டாடலுக்குப் பின் அதனைப் பேசியோர் பல ஊர்களுக்கும் சிதறினர். எஞ்சிய முதியோர் பேச்சைப் பதிய விழைவோர் ஒன்றறிதல் வேண்டும்.

குறுந்தட்டுத் தரமுள்ள ‘வேவ்’ கோப்பு நிமிடத்திற்குச் சுமார் 10 மெகாபைட் கொள்ளும். வினாடிக்கு 128 கிலோபிட் வீதத்தில் ‘எம்பி3’ ஆக்கினால் 1 மெகாபைட் அளவே ஆகும். செவி எளிதில் உணராத ஒலிக்கூறுகளை நீக்குவதால் வரும் சிக்கனம் இது. நீங்கியது நீங்கியதே. மீண்டும் வேவாக்கினால் கோப்புப் பருக்குமேயன்றி இழந்த ஒலி திரும்பாது. வாட்ஸ்அப் குரற்செய்தியும் ‘ஓபஸ்’ முறையிற் சுருக்கப்பட்டதே. செய்தி சொல்லப் போதும், மூலப்படியாகக் கொள்ளலாகாது. படிக்குப் படி பிழை மலிந்த ஏட்டுச்சுவடிகளின் கதை தமிழாசிரியர்க்குப் புதிதன்று!

ஆகவே வேவ் மூலத்தைப் பேணிக்கொண்டு, பகிர்வதற்கு மட்டும் சுருக்குக. விக்கிமீடியா பொதுவகம் வேவையே ஏற்றுக்கொள்ளும். கேட்போர்க்குரிய சுருக்கப்படிகளைத் தானே ஆக்கிக்கொள்ளும். ஆயின் அங்கு ஏற்றியதைப் பிறர் வணிகத்திற்கும் எடுத்தாளலாம். பேசிய பாட்டியிடம் அதனை விளங்கச் சொல்லி, இசைவு பெற்ற பின்னரே ஏற்றுக.