புலம்பெயர்ந்து வந்த ஆசானும் கைகொடுக்கும் ஊரும்

கி.பி. 621இல் நிகழ்ந்த முதல் அகபா உடன்படிக்கைக்குப் பின், அன்று யஸ்ரிப் எனப்பட்ட மதீனாவின் மக்களுக்குக் குர்ஆனைக் கற்பிக்க நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முஸ்அப் இப்னு உமைர் (ரழி) அவர்களை அனுப்பி வைத்தார்கள். மக்காவாசியான அவர்கள் அவ்வூருக்குப் புதியவர். அவர்களைத் தம் இல்லத்தில் தங்கவைத்தவர் உள்ளூர்ப் பிரமுகர் அஸ்அத் இப்னு ஸுராரா (ரழி) அவர்கள். வருகிறவர் எக்குலத்தின் தலைவர் என்பதை அருகிலிருந்து எடுத்துரைத்தவரும் அவர்களே. வந்தவரின் கல்வியும் உள்ளூர்த் தோழரின் துணையும் சேர்ந்தே அப்பணி நிறைவேறியது.

இவ்வரலாற்றைப் பாடம் நடத்துகையில், தாம்பரத்திலிருந்து வண்டலூர் வழியாகச் சென்றடையும் கேளம்பாக்கம் நம் நினைவுக்கு வருகிறது. மியான்மரின் அரகான் பகுதியிலிருந்து வந்த ரோஹிங்கியாக் குடும்பங்கள் 2012ஆம் ஆண்டளவில் அங்குள்ள புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் தங்கவைக்கப்பட்டன. பிள்ளைகள் அரசுப் பள்ளியில் சேர்ந்து தமிழ் பயின்றனர். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயதுடைய 'குழந்தை' என்றே வரையறுக்கிறது, குடியுரிமையை நிபந்தனையாக்கவில்லை.

மாணவருக்குத் திறந்த அவ்வாயில் ஆசிரியருக்குத் திறப்பதில்லை. அரசுப் பள்ளியில் ஆசிரியராக ஆசிரியப் பயிற்சியும் தகுதித் தேர்வும் வேண்டும், குடியுரிமையும் வேண்டும். இவர்களோ 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் சொந்த மண்ணிலேயே நாடற்றோராக்கப்பட்டவர்கள்.

இதனால் இழப்பு பள்ளிக்கே. வீட்டில் ஒரு மொழி, வகுப்பில் வேறு மொழி எனத் திகைக்கும் சிறு பிள்ளைக்கு, இரண்டும் அறிந்த ஒருவர் பக்கத்திலிருந்தால் பாடம் விளங்கும்; பெற்றோரும் பள்ளியை அணுகுவர். 1984இல் தோன்றிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம்களில் படித்த இளைஞர்களையே மாலை வகுப்புகளின் ஆசிரியர்களாக்கியது. ஈழத்தவர்க்கேனும் தமிழ் பொதுமொழி, ரோஹிங்கியருக்கு அதுவுமில்லை. எனவே இவர்களது தேவை அதனினும் பெரிது.

நம்மால் இயல்வது என்ன? தமிழ் கற்றுத் தேர்ந்த ரோஹிங்கிய இளைஞரை மாலை வகுப்பில் துணையாசிரியராக்கலாம். பள்ளியாசிரியர் ஒருவர் அவருக்கு அஸ்அத் (ரழி) அவர்களைப் போல் உற்ற தோழராகலாம். சட்டம் இடந்தரும் அளவில் அவருக்கு மதிப்பூதியமும் அளிக்க வேண்டும். ஏதிலி என்பதற்காக உழைப்பை இலவசமாகப் பெறுவது ஆதரவாகாது.

இவர்களின் பிள்ளைகளுக்கு இடமளித்தது நம் ஊரின் பெருந்தன்மை. அவர்களுள் கற்றவரை 'ஆசிரியர்' என்றழைக்கும் நாளில்தான் அது முழுமை பெறும்.