கொரோனாவும் நம் குடியிருப்பும்

2020-ஆம் ஆண்டு மே மாதத்தில் மும்பையிலிருந்து திருநெல்வேலிச் சீமைக்குத் திரும்பிய நம்மவருள் பலர் சொந்த மாவட்டத்தின் எல்லையிலேயே நிறுத்தப்பட்டனர். பம்பாய்க்காரர் வந்தால் நோயும் உடன் வரும் என்ற பேச்சு ஊர்தோறும் எழுந்தது. அந்நாட்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் புதிதாகக் கண்டறியப்பட்ட நோயாளிகளுள் மகாராஷ்டிரத்திலிருந்து வந்தோர் மிகப் பலர் என்பது உண்மையே. ஆனால், அந்நோய் அவர்களை எவ்வாறு பற்றிற்று என்று கேட்டவர் சிலரே. அதற்கு விடை காண வேண்டுமாயின், அவர்கள் வாழ்ந்த அறையையும், அவ்வறையில் உலவிய காற்றையும், அவர்களுடைய அன்றாடப் பிழைப்பையும் சற்று உற்று நோக்குதல் வேண்டும்.

தாராவியை அறியாத தமிழர் மும்பையில் இலர். நெல்லைச் சீமையிலிருந்து தோல் தொழிலை நம்பி வந்த நம் முன்னோர் பலர் அங்கேதான் குடியமர்ந்தனர். இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த பரப்பில் பல இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். பத்தடிக்குப் பத்தடி அறையில் எட்டுப் பேரும் பத்துப் பேரும் உறங்குவது அங்கு வியப்பன்று. 2020 ஏப்ரல் 1-ஆம் நாள் அங்கு முதல் நோயாளி கண்டறியப்பட்டார். மக்களுள் நூற்றுக்கு எண்பதின்மர் ஏறத்தாழ 450 பொதுக் கழிப்பிடங்களையே நம்பியுள்ளனர் என்று மாநகராட்சி அப்பொழுது கூறிற்று. ஆறடி விலகி நில்லுங்கள் என்று வானொலியும் தொலைபேசியும் ஓயாது உரைத்தன. விலகி நிற்க ஆறடி இடம் எங்கே உள்ளது என்பதை மட்டும் எவரும் உரைத்திலர்.

அவ்வாண்டு ஜூலை மாதத்தின் முற்பாதியில் மாட்டுங்கா, செம்பூர், தஹிசர் ஆகிய மூன்று வட்டங்களில் ஏறத்தாழ 7,000 பேருடைய இரத்தத்தைச் சோதித்தனர். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையமும், நிதி ஆயோகும், மாநகராட்சியும் இணைந்து செய்த ஆய்வு இது. குடிசைப் பகுதிகளில் நூற்றுக்கு 57 பேருக்கு நோய் முன்னரே வந்து போயிருந்தது. அதே வட்டங்களின் மற்றக் குடியிருப்புகளில் 16 பேருக்கே வந்திருந்தது. ஒரே நகரம், ஒரே வெயில், ஒரே கிருமி. நடுவே ஒரு சாலை மட்டுமே. அச்சாலையின் இருபுறத்துக்கும் இத்துணை வேற்றுமை ஏன்? ஜன நெருக்கமும் பொதுக் கழிப்பிடமும் காரணமாகலாம் என்று ஆய்வாளர் கருதினர். காலையில் கழிப்பிட வாயிலில் வரிசையில் நின்ற அனுபவம் உடையோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

காற்றைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில், நோய் தும்மல் துளிகளாலும் கைபட்ட பொருள்களாலும் பரவுவதாகவே பெரிதும் நம்பினோம். காய்கறியைச் சோப்பு நீரில் கழுவியவர்கள் நம் வீடுகளிலேயே உண்டு. அதனால் பயன் சிறிதே. பேசும்பொழுதும் பாடும்பொழுதும் வெளிப்படும் நுண்ணிய துளிகள், அடைத்த அறையில் நெடுநேரம் மிதந்து நிற்கின்றன. 2020 மார்ச் 10-ஆம் நாள் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 61 பேர் கூடிப் பாட்டுப் பயிற்சி செய்தனர். நோயுற்றிருந்தவர் ஒருவரே, அவரிடமிருந்து 52 பேரை நோய் பற்றியிருக்கலாம் என்று கணக்கிட்டனர். இருவர் மாண்டனர். அதே மாதம் சோல் நகரத்துத் தொலைபேசி அலுவலகம் ஒன்றில், ஒரே மாடியில் பணிபுரிந்த 216 பேருள் 94 பேர் நோயுற்றனர். மின்தூக்கியையும் நுழைவாயிலையும் அக்கட்டடத்தார் அனைவரும் பயன்படுத்தியும், நோய் பெரும்பாலும் அம்மாடியோடு நின்றது. நெடுநேரம் ஒரே காற்றைச் சுவாசித்தவர்களையே அது பற்றிற்று எனலாம்.

நம் நாட்டு வெயிலுக்கு இக்கிருமி நில்லாது என்ற நம்பிக்கை அப்பொழுது வெகுவாகப் பரவியிருந்தது. நாமும் அதனை நம்பியவர்தாம். வெயிலும் ஈரப்பதமும் கிருமியின் ஆயுளை ஓரளவு குறைக்கும் என்பதில் உண்மை உண்டு. ஆயினும் 2021-ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில், தில்லியின் கடுங்கோடையில், பிராணவாயுவுக்கு மக்கள் தவித்த காட்சியைக் கண்ட பின்னர் அந்நம்பிக்கையைக் கைவிட்டோம். வெயில் தெருவில்தான் காய்கிறது. நோயோ குளிர்சாதனம் செய்து அடைத்த அறைக்குள் பரவுகிறது.

இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் நமக்கு இதில் ஒன்று வியப்பளித்தது. அன்று நோயாளிகளைத் தனித்து வைப்பதற்கென்று சுமார் 5,000 பெட்டிகளை இரயில்வே மாற்றியமைத்தது. நடுப் படுக்கைகளை அகற்றினர். தேர்ந்தெடுத்தவையோ, சாளரம் திறக்கும் சாதாரணப் பெட்டிகள்; குளிர்சாதனப் பெட்டிகள் அல்ல. பயணச் சீட்டுக்கு மிகுந்த விலை பெறும் பெட்டி நோய்க்கு உகந்ததாயிற்று! மும்பைப் புறநகர் வண்டிகளோ, நெரிசல் வேளையில் ஒரு சதுர மீட்டருக்குள் 14 முதல் 16 பேரைச் சுமப்பவை. அவை மார்ச் இறுதியில் நின்றன. ஜூன் 15-ஆம் நாள் இன்றியமையாப் பணியாளர்க்கு மட்டும் மீண்டும் ஓடின. 1918-இல் கப்பலேறிப் பம்பாய்க்கு வந்த இன்ஃபுளூயன்சா, இரயிலேறித்தான் நாடெங்கும் சென்றது என்பதையும் ஈண்டு நினைவுகூரலாம்.

இனி, ஊர் எல்லையில் நிறுத்தப்பட்ட நம்மவர் கதைக்கு வருவோம். மார்ச் 25-ஆம் நாள் ஊரடங்கு தொடங்கியது, வண்டிகள் நின்றன. தொழிலாளர்க்கான சிறப்பு வண்டிகள் மே 1-ஆம் நாள் முதல்தான் ஓடத் தொடங்கின. இடைப்பட்ட ஐந்து வாரங்கள் அவர்கள் எங்கே இருந்தனர்? அதே பத்தடி அறையில், கூலியின்றி, கதவடைத்து இருந்தனர். மார்ச் மாதத்தில் அவர்களுள் நோயுற்றவர் மிகச் சிலர். அடைத்து வைத்த நாட்களில் நோய் நகரத்துள் பெருகிற்று. அதன் பின்னரே அவர்களை வண்டியேற்றினர். இப்படிப்பட்ட தடை மிகக் குறுகியதாகவோ மிக நீண்டதாகவோ இருந்தால் ஊர்களுக்குத் தீங்கு குறைவென்றும், இடைத்தர நீளமுடையதாயின் தீங்கு மிகும் என்றும், மும்பை நிகழ்ச்சியை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் சிலர் பின்னர் எழுதினர். பம்பாய்க்காரன் நோயைக் கொண்டுவந்தான் என்று பழித்தவர்கள் இதனைப் படித்திருக்க மாட்டார்கள்.

நாட்கூலியாளன் காய்ச்சலை மறைத்தான் என்பதும் ஒரு குறையாகக் கூறப்பட்டது. மறைக்காவிடில் தெருவைத் தடுப்புக் கட்டி அடைப்பர். அடைத்தால் அண்டை அயலார் கூலியும் போகும். தாராவியில் இதனை உணர்ந்தே மாநகராட்சியார் முறையை மாற்றினர். நோயாளி வரும்வரை காத்திராமல், காய்ச்சல் முகாம் வைத்து, தனியார் மருத்துவர்களையும் துணைக்கொண்டு, தாமே தேடிச் சென்றனர். பள்ளிகளிலும் விளையாட்டு அரங்கிலும் தனியிடம் அமைத்து உணவளித்தனர். கழிப்பிடங்களை நாள்தோறும் பலமுறை கிருமிநாசினி கொண்டு கழுவினர். ஜூலை 10-ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைவர் தாராவியை எடுத்துக்காட்டாகக் கூறினார். டிசம்பர் 25-ஆம் நாள் அங்குப் புதிய நோயாளி ஒருவரும் இல்லை. இப்பெருமை உரியதே. எனினும், பெருந்தொகையினர் ஊருக்குப் போய்விட்டதும், எஞ்சியோருள் பலர்க்கு நோய் முன்பே வந்து போனதும் இவ்வெற்றியில் பங்குடையன என்றே நாம் கருதுகிறோம்.

இன்று நாம் குடியிருக்கும் மாட்டுங்காவும் ஒரு கொள்ளைநோயின் பயனாய் எழுந்ததே. 1896-இல் பிளேக் பம்பாயை வாட்டியது. 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்டு தோன்றிற்று. நெருக்கத்தைக் குறைத்துக் காற்றுக்கு வழிவிட வேண்டும் என்று கருதி, தாதர், மாட்டுங்கா, வடாலாப் பகுதிகளில் அகன்ற தெருக்களும் தோட்டங்களும் வகுத்தனர். தென்னாட்டார் அங்கு வந்து குடியேறினர். இதற்கு மாறாக, குடிசைவாசிகளை மாற்றிக் குடியமர்த்த எழுந்த கோவண்டி நட்வர் பாரேக் வளாகத்தில், அடுத்தடுத்த கட்டடங்களுக்கு இடையே மூன்று மீட்டர் அளவே இடைவெளி விட்டனர். அங்குக் கீழ்மாடி வீடுகளில் வெளிச்சமும் காற்றும் குறைந்திருப்பதையும், காசநோய் மிகுந்திருப்பதையும் 2018-இல் ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது.

தாராவியை இடித்துப் புதிதாய்க் கட்டும் திட்டம் நடைபெற்று வருகிறது. வீட்டின் பரப்பு எத்தனை சதுர அடி என்றே எல்லோரும் கேட்கின்றனர். வரைபடத்தைக் காணும் வாய்ப்புப் பெறும் அன்பர்கள், ஒரு கட்டடத்துக்கும் அடுத்த கட்டடத்துக்கும் இடையே எத்தனை மீட்டர், சமையலறைச் சாளரம் எத்திசையில் திறக்கும் என்பவற்றையும் கேட்டறிந்து நம் சங்கத்துக்கு எழுதுவார்களாக.