வெளியே மைனஸ் 30, வீட்டுக்குள் டி-ஷர்ட்: அஸ்தானாவில் வெளிநாட்டவர் வாழ்க்கை எப்படி இருக்கும்?

கஜகஸ்தானில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னால் வீட்டில் வரும் முதல் கேள்வி, ‘அங்க ரொம்பக் குளிருமாமே?’ என்பதுதான். ஆமாம், குளிர்தான். தலைநகர் அஸ்தானாவில் ஜனவரி மாதச் சராசரியே மைனஸ் 14 டிகிரி அளவில் இருக்கும். மைனஸ் 30-ஐத் தொடும் நாள்களும் உண்டு. ஆனால், புதிதாகப் போய் இறங்கும் வெளிநாட்டவருக்கு முதல் ஆச்சரியம் வீட்டுக்குள் காத்திருக்கிறது. பனி கொட்டும் ஊரில், அடுக்குமாடி வீடுகளுக்குள் மக்கள் டி-ஷர்ட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறந்துவைப்பவர்களும் உண்டு!

சூடு எங்கிருந்து வருகிறது?

நம்மூரில் குழாயில் தண்ணீர் வருவதுபோல, அங்கே குழாயில் சூடு வருகிறது. ஊரின் ஓரத்தில் அனல்மின் நிலையம் இருக்கும். மின்சாரம் தயாரிக்கும்போதே அங்கு தண்ணீரையும் சூடாக்கி, நகரம் முழுக்கப் பெரிய குழாய்கள் வழியாக அனுப்புகிறார்கள். ஒவ்வொரு அறையிலும் ஜன்னலுக்குக் கீழே இருக்கும் இரும்பு ரேடியேட்டரில் அந்தச் சுடுநீர் ஓடும். அவ்வளவுதான். அக்டோபரில் திறந்துவிட்டால் ஏப்ரல் வரை இரவு பகலாக ஓடும். பழைய கட்டடங்களில் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் வசதி பெரும்பாலும் இல்லை. அதனால்தான் அந்தத் திறந்த ஜன்னல்.

சோவியத் காலத்து ஏற்பாடு இது. வசதிதான், ஆனால் ஊரே ஒரே மூச்சுக்குழாயை நம்பி வாழ்கிறது. 2022 நவம்பர் 27 அன்று எகிபாஸ்துஸ் நகரில் அது நின்றது. அனல்மின் நிலையத்தில் கோளாறு; வெளியே மைனஸ் 30 டிகிரி. ரேடியேட்டர்கள் குளிர்ந்தன, உள்ளே தண்ணீர் உறைந்து குழாய்கள் வெடித்தன. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது, மாகாண ஆளுநர் பதவி நீக்கப்பட்டார். இதில் கொடுமை என்னவென்றால், எகிபாஸ்துஸ் நாட்டின் நிலக்கரித் தலைநகர் மாதிரி. உலகிலேயே உயரமான புகைபோக்கி, கிட்டத்தட்ட 420 மீட்டர், நிற்பதும் அங்கேதான். நிலக்கரிக்குப் பஞ்சமில்லை, காலத்தோடு மாற்றப்படாத குழாய்களும் கொதிகலன்களும்தான் பிரச்சினை.

எனவே, வாடகைக்கு வீடு பார்க்கும்போது சமையலறையைவிட ரேடியேட்டரை முதலில் பாருங்கள். கட்டடம் எந்த ஆண்டு கட்டியது, போன குளிர்காலத்தில் சூடு நின்றதா என்று பக்கத்து வீட்டில் கேட்பது இன்னும் நல்லது. ஒரு மின்சார ஹீட்டரும் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

ஸ்வெட்டர் போட்டா போதாதா?

போதாது. உடம்போடு ஒட்டிய தெர்மல், அதன் மேல் கம்பளி, அதற்கும் மேல் காற்றுப் புகாத நீளமான கோட் என அடுக்கடுக்காக வேண்டும். ஜீன்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு கிளம்பினால் பத்து நிமிடத்தில் தொடை மரத்துவிடும். சுற்றிலும் சமவெளி என்பதால் காற்றைத் தடுக்க எதுவும் இல்லை. பனிப்புயலை ‘புரான்’ என்கிறார்கள். அது வீசும் நாளில் பள்ளிகளை மூடிவிடுவார்கள். செல்போனை உள் பாக்கெட்டில் வையுங்கள். குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும், டாக்சி பிடிக்கும் நேரம் பார்த்து போன் அணைந்துபோகும். அது வேடிக்கையான அனுபவம் இல்லை.

டிசம்பரில் மாலை 4 மணிக்கே இருட்டிவிடும். தனியாகப் போகிறவர்களைக் குளிரைவிட இந்த இருட்டுதான் அதிகம் சோர்வடைய வைக்கிறது.

காகித வேலைகள்

இந்தியர்கள் 14 நாள்கள் வரை விசா இல்லாமல் போகலாம். 2022 ஜூலை முதல் இந்த வசதி உண்டு. ஆனால் அதை வைத்து வேலை செய்ய முடியாது. ‘முதல்ல வாங்க, அப்புறம் பாத்துக்கலாம்’ என்று ஏஜென்ட் சொன்னால் உஷாராகிவிடுங்கள். வேலைக்கான அனுமதியும் விசாவும் தனி. போனதும் ஐ.ஐ.என். என்ற 12 இலக்க அடையாள எண் வாங்க வேண்டும். அது இல்லாமல் வங்கிக் கணக்கு கிடையாது. கணக்கு இல்லாவிட்டால் காஸ்பி செயலி கிடையாது. நம்மூர் டீக்கடை க்யூஆர் மாதிரி, அங்கே எல்லாமே காஸ்பியில்தான் நடக்கிறது.

சாப்பாடு?

அசைவம் சாப்பிடுபவர்களுக்குக் கவலை இல்லை, குதிரை இறைச்சிக்குத் தயார் என்றால். தேசிய உணவான ‘பெஷ்பர்மாக்’ என்ற பெயருக்கு ‘ஐந்து விரல்’ என்று பொருள். கையால் சாப்பிடுவது அங்கும் மரபுதான். சைவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம். ‘இறைச்சி இல்லை’ என்று சொல்லிக் கொடுக்கும் சூப்பிலும் எலும்புச் சாறு இருக்கலாம். கிசிலோர்டா பகுதியில் விளையும் அரிசி குட்டையாக, கொஞ்சம் ஒட்டும் ரகம். தயிர்சாதத்துக்குத் தாராளமாக ஆகும். டீயில் பால் ஊற்றித்தான் குடிக்கிறார்கள் என்பது கூடுதல் ஆறுதல்.

வீட்டுக்கு போன் பேசுவதும் இப்போது எளிது. 2024 மார்ச் 1 முதல் நாடு முழுவதும் ஒரே நேர மண்டலம் என்பதால், இந்திய நேரத்துக்கு அரை மணி நேரம்தான் பின்னால். அங்கே மாலை 6 மணிக்கு வேலை முடிந்து அழைத்தால், இங்கே அம்மாவுக்கு மணி ஆறரை.