திரையில் தெரியாத நாயனக்காரர்



பல ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது. தாமிரபரணிக் கரையில் ஒரு சிற்றூர்ப் பள்ளி. நான் ஏழாம் வகுப்பு ஆசிரியர். பள்ளி திறந்த முதல் நாள், "அப்பா என்ன வேலை செய்கிறார்?" என்று ஒவ்வொருவரையும் கேட்டுப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். ஒரு பையன் மட்டும் கொஞ்சம் தயங்கினான். பிறகு, "விவசாயம், சார்" என்றான்.

ஆடி மாதம் பக்கத்து ஊர் அம்மன் கோயில் கொடைக்குப் போயிருந்தேன். ஒரு பக்கம் வில்லுப்பாட்டு. இன்னொரு பக்கம் நையாண்டி மேளம். நாயனம் வாசித்தவருக்குப் பக்கத்தில் தண்ணீர்ச் செம்போடு ஒரு பையன் நின்றான். யார் என்று பார்த்தால், என் மாணவன்! நாயனம் வாசித்தவர் அவனுடைய அப்பா. என்னைக் கண்டதும் அவன் தவில்காரருக்குப் பின்னால் போய் மறைந்துகொண்டான்.

அவன் ஏன் மறைந்தான்? மறுநாள் வகுப்புக்குள் நுழையும்போதே விடை கிடைத்தது. சில மாணவர்கள் அவனைச் சுற்றி நின்றுகொண்டு, "பீப்பீ... டும் டும்!" என்று கேலி செய்துகொண்டிருந்தார்கள். கொடைக்கு அவர்களும் வந்திருக்கிறார்கள்!

நான் யாரையும் திட்டவில்லை. அடுத்த நாள் என் வீட்டு டேப் ரெக்கார்டரைப் பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஒரே ஒரு பாட்டைப் போட்டேன். வகுப்பில் என்ன நடந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், அந்தப் பாட்டில் நாயனம் வாசித்தவரை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டாமா?

ரயிலில் ஒரு சின்னப் பயணம்

திருநெல்வேலி சந்திப்பிலிருந்து செங்கோட்டைக்குப் போகும் பாசஞ்சர் ரயிலில் ஏறிக்கொள்ளுங்கள். டவுன், பேட்டை, சேரன்மகாதேவி தாண்டினால் அடுத்து வருவது காருகுறிச்சி. சுற்றிலும் வயலும் வாய்க்காலும்தான். மண்பானைக்குப் பெயர் பெற்ற ஊர் அது.

அந்த ஊரில் 1921ஆம் ஆண்டு பிறந்தவர் அருணாசலம். ஊர்ப் பெயரே அவருக்கும் பெயராகிவிட்டது. "காருகுறிச்சியார்" என்றால் போதும், இசை தெரிந்தவர்கள் "நாயனம் அருணாசலம்தானே?" என்பார்கள். நம் பக்கம் நாயனம் என்று சொல்வதையே நாதஸ்வரம், நாகஸ்வரம் என்றும் சொல்கிறோம்.

குருவின் பக்கத்தில்

அந்தக் காலத்தில் நாயனத்துக்கு ஒரு சக்கரவர்த்தி இருந்தார். அவர் திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை. தோடி ராகம் என்றால் அவர்தான் என்பார்கள். நாயனத்துக்குக் கச்சேரி மேடையில் பெரிய மரியாதையைத் தேடித் தந்தவர் அவர். தாமிரபரணிக் கரையில் பிறந்த நம் அருணாசலம், காவிரிக் கரையில் வாழ்ந்த அவருக்குச் சீடரானார்.

சீடரானதும் மேடையில் தனியாக வாசித்துவிட முடியுமா? முடியாது! நீங்கள் கல்யாண வீட்டில் கவனித்திருக்கலாம். மேளத்தில் பெரும்பாலும் இரண்டு நாயனம் இருக்கும். முதலாவது நாயனக்காரர் ராகத்தை நடத்திக்கொண்டு போவார். இரண்டாவது நாயனக்காரர் அவரைத் தொடர்ந்து வருவார். அருணாசலம் தம் குருவுக்கு அப்படித் துணை நாயனம் வாசித்தார்.

இரண்டாவதாக வாசிப்பது எளிது என்று நினைத்துவிடாதீர்கள். முன்னால் ஒரு புத்தகமும் இருக்காது. குரு அடுத்து எந்தப் பக்கம் திரும்புவார் என்று தெரியாது. அவர் மூச்சை நிறுத்தும் இடத்தில் இவர் எடுக்க வேண்டும். அவரைவிட ஓங்கி ஒலிக்கக் கூடாது. அதற்காக ஒலியே கேட்காமலும் போய்விடக் கூடாது. இதற்கெல்லாம் முதலில் வேண்டியது என்ன தெரியுமா? காது! கூர்ந்து கேட்கத் தெரிந்த காது.

ஏழு துளைக்குள் எத்தனை ஸ்வரம்!

நாயனத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? நீண்ட குழல் பகுதிக்கு உலவு என்று பெயர். அதை ஆச்சா மரத்தில் செய்வார்கள். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் நன்றாகக் காய்ந்த மரமே இதற்கு உகந்தது. கும்பகோணம் பக்கத்தில் நரசிங்கம்பேட்டை என்ற ஊரில் பரம்பரை பரம்பரையாக நாயனம் செய்கிறார்கள். அந்த ஊர் நாயனத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

அடியில் பூப்போல விரிந்திருப்பது அணசு. வாயில் வைத்து ஊதும் சின்னஞ்சிறு பகுதி சீவாளி. அது நாணல் தட்டையில் செய்வது. காய்ந்திருந்தால் சரியாகப் பேசாது. எச்சிலில் நனைத்துப் பதமாக்க வேண்டும். வாசிப்பவர் கையில் ஒரு கொத்துச் சீவாளி தொங்குவது அதனால்தான். ஒன்று சரியில்லையென்றால் உடனே மற்றொன்று!

உலவில் மொத்தம் 12 துளைகள் உண்டு. விரல் வைத்து வாசிப்பது ஏழில்தான். கீழே உள்ள ஐந்து துளைகளில் தேவையானவற்றை மெழுகால் அடைத்துச் சுருதியைச் சரிசெய்துகொள்வார்கள்.

ஹார்மோனியத்தில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு கட்டை இருக்கிறது. அமுக்கினால் போதும். நாயனத்தில் அந்த வசதி கிடையாது. துளையைப் பாதி மூடியும், மூச்சைக் கூட்டிக் குறைத்தும், உதட்டை இறுக்கித் தளர்த்தியும் ஸ்வரங்களை வரவழைக்க வேண்டும். மயிரிழை தவறினாலும் அபஸ்வரம்தான்! காருகுறிச்சியாரின் நாயனமோ பாட்டுப் பாடுவதுபோலவே குழைந்து வரும். அதற்குப் பின்னால் எத்தனை விடியற்காலைச் சாதகம் இருந்திருக்கும்!

குரலும் நாயனமும்

குரு ராஜரத்தினம் பிள்ளை 1956இல் மறைந்தார். அருணாசலம் அதற்குள் தாமே பெரிய வித்வானாகிவிட்டார். கோவில்பட்டியில் குடியேறி, அங்கிருந்து கச்சேரிகளுக்குப் போய்வந்தார்.

1962இல் 'கொஞ்சும் சலங்கை' என்ற திரைப்படம் வெளிவந்தது. அதில் 'சிங்கார வேலனே தேவா' என்று ஒரு பாட்டு. எழுதியவர் கு.மா.பாலசுப்பிரமணியம். இசையமைத்தவர் எஸ்.எம்.சுப்பையா நாயுடு. பாடியவர் எஸ்.ஜானகி. ராகம் ஆபேரி. திரையில் சாவித்திரி பாடுவார். ஜெமினி கணேசன் நாயனம் வாசிப்பார். ஆனால் நம் காதில் விழும் நாயனம் காருகுறிச்சியாருடையது!

இதில் என்ன சிரமம் என்று கேட்பீர்கள். நாயனம் கோயில் பிரகாரத்திலும் தேரோடும் வீதியிலும் முழங்கும் வாத்தியம். நாலு தெரு தள்ளியும் கேட்கும். பெண்குரலோ மென்மையானது. இரண்டையும் சேர்த்தால் எது எதை விழுங்கும்? அதுமட்டுமா! ஹார்மோனியத்தில் கட்டை மாற்றுவதுபோல நாயனத்தில் சட்டென்று சுருதியை மாற்ற முடியாது. இரண்டும் ஒரே சுருதியில் நிற்க வேண்டும்.

அந்தப் பாட்டைக் கேட்டுப் பாருங்கள். குரல் ஒரு வரி பாடும். நாயனம் பதில் சொல்லும். கடைசியில் ஸ்வரங்கள் வேகம் பிடிக்கும். குரல் ஓட, நாயனம் துரத்த, எது குரல், எது நாயனம் என்று ஒரு கணம் மயங்கிவிடுவீர்கள். பெரிய வித்வான் ஒருவர், பாடகியின் குரலை மூடிவிடாமல் கூடவே வருகிறார். துணை நாயனம் வாசித்துப் பழகிய காது அல்லவா!

அமெரிக்காவிலும் ஒருவர்

பாட்டுக்குப் பின்னால் இருந்து வாசிப்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அமெரிக்காவில் நாஷ்வில் என்று ஒரு நகரம். 'கன்ட்ரி' என்ற அவர்களுடைய கிராமிய இசைக்குத் தலைநகர் அதுதான். அங்கே ஹார்கஸ் ராபின்ஸ் (1938–2022) என்றொரு பியானோ கலைஞர் இருந்தார். சிறுவயதிலேயே ஒரு விபத்தில் பார்வையை இழந்தவர். பார்வையற்றோர் பள்ளியில் பியானோ கற்றார். ஒலிப்பதிவுக் கூடங்களில் பிறர் பாட்டுக்கு வாசிப்பதே அவர் தொழில். பின்னாளில் இலக்கிய நோபல் பரிசு பெற்ற பாப் டிலனின் 1966ஆம் ஆண்டு இசைத்தட்டு ஒன்றிலும் அவர் வாசித்திருக்கிறார். இசைத்தட்டின் அட்டையில் பாடகரின் படம் இருக்கும். பியானோக்காரரின் படம் இருக்காது. ஆனாலும் 2012இல் கன்ட்ரி இசையின் புகழ்க்கூடத்தில் அவர் பெயரைச் சேர்த்துக் கௌரவித்தார்கள்.

நம் காருகுறிச்சியாருக்குக் காலம் அவ்வளவு தாராளமாக இல்லை. 'கொஞ்சும் சலங்கை' வந்த இரண்டே ஆண்டுகளில், 1964இல், அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது நாற்பதுகளின் தொடக்கம்தான். கோவில்பட்டியில் அவருக்குச் சிலை இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

அன்று வகுப்பில்...

சரி, என் வகுப்பறைக்கு வருவோம். பாட்டு முடிந்தது. "பாடியது யார்?" என்று கேட்டேன். "ஜானகி அம்மா!" என்று பத்துக் குரல்கள். "திரையில் யார்?" அதற்கும் விடை வந்தது. "நாயனம் வாசித்தது யார்?" ஒரு சத்தமும் இல்லை.

கடைசி பெஞ்சில் ஒரு கை மெதுவாக உயர்ந்தது. "காருகுறிச்சியார், சார். எங்க அப்பா தினமும் ராத்திரி இதத்தான் கேப்பாவ. கேட்டுக் கேட்டு வாசிச்சுப் பாப்பாவ."

அவனைக் கரும்பலகைக்கு அழைத்தேன். நாயனத்தைப் படமாக வரைந்தான். உலவு, அணசு, சீவாளி என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். நான் உங்களுக்கு மேலே சொன்னதில் பாதி, அன்று அவனிடம் நான் கற்றுக்கொண்டதுதான்! கேலி செய்த பையன்களே, "சீவாளியைக் கொண்டுவந்து காட்டுவியாடே?" என்று அவனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

மாலையில் மணி அடித்த பிறகு அவன் என் மேசைக்கு வந்தான். "சார், பதிவேட்டுல அப்பா வேலைய மாத்தி எழுதணும்" என்றான். நான் பேனாவைத் திறந்தேன். 'விவசாயம்' என்று இருந்ததை அடித்துவிட்டு, 'நாதஸ்வரக் கலைஞர்' என்று எழுதினேன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான்.

குழந்தைகளே! கல்யாண வீடுகளில் பெரியவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். மேளம் ஒரு மூலையில் தனியாக ஒலித்துக்கொண்டிருக்கும். அடுத்த முறை நீங்கள் அந்த மூலைக்குப் போய் ஐந்து நிமிடம் நின்று கேளுங்கள். வாசித்து முடித்ததும், "ஐயா, உங்கள் பெயர் என்ன?" என்று கேளுங்கள். அவர் முகம் எப்படி மலர்கிறது என்று பாருங்கள்!

செய்து பாருங்கள்

* உங்களுக்குப் பிடித்த பாட்டு ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு மூன்று முறை கேளுங்கள்.

* முதல் முறை குரலை மட்டும் கவனியுங்கள். இரண்டாம் முறை எத்தனை வாத்தியங்கள் ஒலிக்கின்றன என்று எண்ணுங்கள். மூன்றாம் முறை அவற்றில் ஒரே ஒரு வாத்தியத்தின் பின்னாலேயே போங்கள்.

* அதை வாசித்தவர் யார் என்று வீட்டிலும் பள்ளியிலும் விசாரித்து, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.