சமையற்கூடத்தில் ஒரு துப்பு



துப்பறியும் கதை என்றதும் கத்தியும் துப்பாக்கியும் நள்ளிரவும் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயினும் அவ்வகையிலேயே சாதுவான கிளை ஒன்று உண்டு. அதில் குருதி நம் கண்முன் கொட்டுவதில்லை. சிற்றூர் ஒன்று, ஒருவரையொருவர் அறிந்த சிலர், அவர்களிடையே ஒரு குற்றம். அதனை ஆராய்பவரும் காவல் துறையினர் அல்லர். கூரிய கண்ணுடைய அண்டை வீட்டார் ஒருவரே.

தமிழில் துப்பறியும் புதினம் நடேச சாஸ்திரியாரின் ‘தானவன்’ (1894) காலத்திலிருந்தே உண்டு. இரத்தமின்றி, நம்மைச் சிரிக்கவைத்தே துப்பறிந்தவர் தேவன் படைத்த சாம்பு. அமெரிக்காவிலோ வர்ஜீனியா ரிச் என்னும் அம்மையார், 1982இல் ஒரு சமையல் வகுப்பைச் சுற்றியே ‘சமையற்பள்ளிக் கொலைகள்’ என்னும் பொருள்படும் பெயரில் புதினம் எழுதினார். துப்பறிபவர் திருமதி பாட்டர் என்னும் கைம்பெண்.

கொலைக்கதைக்குச் சமையற்பள்ளி எதற்கு என்று கேட்பீர்கள். அங்கே எல்லாவற்றுக்கும் அளவும் நேரமும் உண்டு. பாஸ்டன் சமையற்பள்ளியின் தலைமையாசிரியையாக இருந்த ஃபேன்னி ஃபார்மர், 1896இல் வெளியிட்ட நூலில், கரண்டியில் அள்ளிய மாவை மேலே வழித்துச் சமமாக அளக்க வேண்டுமென்று வற்புறுத்தினார். ‘கைப்பிடி’, ‘கொஞ்சம்’ என்று சமைக்கும் வீட்டில் உப்பு மிகுந்தால் அது கைத்தவறு. அளந்து சமைக்கும் வகுப்பில் மிகுந்தால் அது கேள்வி. எவர் அளந்தார்? எப்பொழுது? அருகில் நின்றவர் எவர்? படிக்கும் நாமும் ஆசிரியரோடு சேர்ந்து விடை தேடலாம்.

அவ்வாறு தேட இடந்தருவதே இக்கதைகளின் அறம். துப்பறிவோன் கண்ட தடயம் எதையும் வாசகனுக்கு மறைக்கலாகாது. எவரும் கேட்டறியாத புதிய நஞ்சைப் புகுத்தலாகாது என்றெல்லாம் 1929இல் விதி வகுத்தார் ரொனால்ட் நாக்ஸ் என்னும் பாதிரியார்! டாரதி சேயர்ஸ் 1930இல் எழுதிய புதினம் ஒன்றில், நஞ்சுண்டு இறந்தவன் கடைசியாக உண்ட விருந்தை நீதிமன்றத்தில் பண்டம் பண்டமாக ஆராய்கின்றனர். ஒவ்வொன்றையும் வேறொருவரும் உண்டிருக்கின்றனர். ஆகவே பின்னர் அவனுக்குக் காப்பி கொடுத்த பெண்மீது பழி விழுகிறது. முடிவை நான் சொல்லப்போவதில்லை, தேடிப் படியுங்கள்.

அப்பெண்ணைப் பற்றிப் படிக்குந்தோறும் எனக்கு ஒரு பையனின் முகம் தோன்றும். எங்கள் கொல்லிமலையில் நான் பணியாற்றிய பள்ளியொன்றின் விடுதியில், ஒருநாள் வெல்லத்தை நிறுத்தபோது மூன்று கிலோ குறைந்தது. கூடையிருந்த அறையின் சாவி அன்று அவனிடம் இருந்தது. வேறு எதுவும் நான் கேட்கவில்லை. எல்லோர் முன்னிலையிலும் கடிந்தேன். எடை குறைந்தது என்பதைத்தான் தராசு சொல்லிற்று. எவர் எடுத்தார் என்பதை அது சொல்லவில்லை, நானே சொன்னேன்.

இரண்டு நாள் கழித்துச் சமையற்கார அம்மாள் என்னை அழைத்து, கூடையின் அடியைக் காட்டினார். ஐப்பசி மாதம், வாரக்கணக்காய் மேகம் அறைக்குள்ளேயே தவழ்ந்துகொண்டிருந்தது. வெல்லம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி இளகும் பொருள். பாகாய்க் கசிந்து பலகையின் கீழே வழிந்து, தரையின் வெடிப்பில் இறங்கியிருந்தது. அவ்வெடிப்பை நோக்கி விறகுக் கட்டின் பின்னால் எறும்புகள் சாரை சாரையாய்ச் சென்றன. அச்சாரையை முதல் நாளே நானும் கண்டிருந்தேன். மிதியாமல் தாண்டிச் சென்றேன்.

மறுநாள் காலை வழிபாட்டில், எல்லோரும் கேட்க, தவறு என்னுடையது என்றேன். பின்னர் அவனைத் தேடிச் சென்றபோது கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தான். “சரிங்க ஐயா” என்றான். முறத்தை மட்டும் நிறுத்தவில்லை.